பூசாத சுவர் சொல்லும் பாடம்



கல்லூரி விழா என்றால் மைக்கும் ஒலிபெருக்கியும் பௌதிக ஆசிரியரின் பொறுப்பு. இது எந்தக் கல்லூரியிலும் எழுதிவைக்கப்படாத சட்டம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர்கள் நாடகம் போட்டபோதும் அந்த வேலை என் தலையில்தான் விழுந்தது.

நாடகம் நடக்கவிருந்தது புதிதாகக் கட்டிய ஒரு மண்டபத்தில். சுவர், கூரை, தரை எல்லாம் வழவழவென்று இருந்தன. முதல் நாள் மாலை ஒத்திகை. தாய் வேடம் ஏற்ற மாணவிக்கு இரண்டு பக்க வசனம். மூன்று வாரம் பாடுபட்டு மனப்பாடம் செய்திருந்தாள். அவள் வாயைத் திறந்ததும் மண்டபம் முழுவதும் "ங்ங்" என்று ஓர் இரைச்சல் எழுந்தது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நான் ஒலியைக் கூட்டினேன். இரைச்சல்தான் கூடியது.

"நான் சத்தமாத்தானுங்க சார் பேசறேன்" என்றாள். கண்ணில் நீர் தளும்பியது.

அவள் மேல் குற்றம் இல்லை. மைக்கின் மேலும் குற்றம் இல்லை. குற்றம் சுவரில் இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் மறுநாள் நாடகத்தை வைத்துக்கொண்டு சுவரை என்ன செய்வது? அப்போதுதான் திரை இழுக்கும் பொறுப்பில் இருந்த மாணவன் சொன்னான்: "சார், எங்க கடைக்குள்ள பேசினா இப்படி எரையறதே இல்லீங்களே!"

அவனுடைய அப்பாவுக்குக் காதர்பேட்டையில் பனியன் மொத்த விற்பனைக் கடை. திருப்பூர் ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள காதர்பேட்டையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பனியன், டி-சட்டை, குழந்தைகள் உடை என்று பண்டல் பண்டலாகக் கூரைவரை அடுக்கிய கடைகள். நடுவில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி. அன்று இரவே அந்தக் கடைக்குள் போய் நின்று ஒரு முறை கை தட்டினேன். "டப்" என்றது, அவ்வளவுதான். ஒலி பிறந்த இடத்திலேயே அடங்கிவிட்டது. பக்கத்திலேயே சரக்கு காலியான ஒரு கிடங்கு. அங்கே தட்டினேன். ஒலி உள்ளே சுற்றிச் சுற்றி வந்து மெதுவாகத்தான் ஓய்ந்தது. இரண்டு அறைகளுக்கும் ஒரே மாதிரிச் சுவர், ஒரே மாதிரிக் கூரை. வேறுபாடு துணி ஒன்றுதான்.

மறுநாள் காலை ஒரு டெம்போ நிறையத் துணி ரோல்கள் வந்து இறங்கின. பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் அவற்றைப் பிரித்து, மடிப்பு மடிப்பாக, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித் தொங்கவிட்டோம். மாலையில் தாயின் வசனம் கடைசி வரிசைவரை கேட்டது.

நாடகம் முடிந்து துணியை மடித்துக் கட்டும்போது அந்த மாணவன் கேட்டான்: "அப்படின்னா கான்கிரீட்டுல நாடக அரங்கமே கட்டக் கூடாதுங்களா சார்?"

நல்ல கேள்வி. அதற்கு அன்று நான் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கு விரிவாகச் சொல்லப் போகிறேன்.

கோராக் கான்கிரீட்

குஜராத்தில் உள்ள ஆமதாபாத் நம் திருப்பூரைப் போலவே நூலாலும் துணியாலும் வளர்ந்த நகரம். அங்கே சபர்மதி ஆற்றின் மேற்குக் கரையில், பால்டி என்னும் பகுதியில், தாகூர் நினைவு அரங்கம் இருக்கிறது. 1961-இல் நாடு முழுவதும் இரவீந்திரநாத் தாகூரின் நூற்றாண்டு விழா கொண்டாடப்பட்டதை ஒட்டித் திட்டமிடப்பட்ட அரங்கம் அது. நாடகம், நடனம், இசை ஆகிய மூன்றுக்கும் உரியது. சுமார் 700 பேர் அமரலாம்.

முதன்முறை பார்ப்பவர்களுக்கு, "வேலை முடியவில்லையோ?" என்று தோன்றும். வெளிப்புறத்தில் பூச்சு இல்லை, வண்ணம் இல்லை. சாம்பல் நிறக் கான்கிரீட், தாளை விசிறிபோல் மடித்ததைப் போன்ற பெரிய பெரிய மடிப்புகளாகத் தரையிலிருந்து எழுந்து, வளைந்து, கூரையாகி, மறுபுறம் தரைக்கு இறங்குகிறது.

இதை வடிவமைத்தவர் பாலகிருஷ்ண தோஷி. 1951 முதல் 1954 வரை பாரிஸில் லெ கார்புசியே என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரிடம் பணிபுரிந்தவர். 2018-இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்ற முதல் இந்தியர். 2023-இல் காலமானார். கட்டடம் நிற்பதற்கான கணக்கைப் போட்டவர் மகேந்திர ராஜ் என்னும் பொறியாளர்.

பூச்சில்லாத இந்த முறைக்குப் 'புரூட்டலிசம்' என்று பெயர். பெயரைக் கேட்டதும் 'புரூட்டல்', அதாவது கொடூரம், என்ற ஆங்கிலச் சொல் நினைவுக்கு வந்து பலரை மிரட்டிவிடுகிறது. உண்மையில் இது 'பெத்தோன் ப்ரூ' என்னும் பிரெஞ்சுத் தொடரோடு தொடர்புடையது. பெத்தோன் என்றால் கான்கிரீட். ப்ரூ என்றால் பக்குவப்படுத்தாத, உள்ளது உள்ளபடியான என்று பொருள். நம் ஊரில் வெளுப்பதற்கும் சாயம் போடுவதற்கும் முன் இருக்கும் துணியைக் கோராத் துணி என்கிறோம் அல்லவா? அதுபோல இதைக் கோராக் கான்கிரீட் என்று சொல்லிவிடலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடிழந்த மக்களுக்காக, பிரான்சில் மார்சேய் நகரில் 1947-க்கும் 1952-க்கும் இடையே லெ கார்புசியே ஒரு பெரிய குடியிருப்பைக் கட்டினார். போர் முடிந்த காலம், எஃகுக்குப் பஞ்சம். எனவே கான்கிரீட்டிலேயே கட்ட வேண்டியதாயிற்று. பலகைகளைப் பிரித்தபோது மரத்தின் வரிகளும் இணைப்புகளும் கான்கிரீட்டில் அப்படியே பதிந்திருந்தன. அவர் அவற்றைப் பூசி மறைக்கவில்லை. "இதுதான் இதன் முகம்" என்று விட்டுவிட்டார். அந்தப் பாணி உலகெங்கும் பரவியது.

உங்கள் தெருவில் வீடு கட்டும்போது கவனித்திருப்பீர்கள். கூரைக்குச் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, நாட்கள் கழித்துப் பலகையைப் பிரிக்கிறார்கள். அப்போது கூரையின் அடியில் பலகையின் அச்சு தெரியும். பிறகு கொத்தனார் வந்து பூசி மறைத்துவிடுகிறார். பூசப்போவது தெரிந்தால் சிறு பிசகைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பூசப்போவதில்லை என்றால்? பலகை அடித்த தச்சர், கம்பி கட்டியவர், கலவை போட்டவர் எல்லோருடைய வேலையும் நூறு ஆண்டுகளுக்கு ஊர் பார்க்க நிற்கும். கணக்குத் தேர்வில் விடையை மட்டும் எழுதாமல் படிகள் அனைத்தையும் அடித்தல் திருத்தல் இன்றிக் காட்டுவது போன்றது இது. பூசாத கட்டடம் தன் படிகளைக் காட்டுகிறது. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டால் அது நமக்குப் பௌதிகப் பாடமே நடத்தும்.

முதல் படி: மடிப்பு

ஆமதாபாத் அரங்கத்தின் மடிப்புகள் அலங்காரம் அல்ல. ஒரு சோதனை செய்து பாருங்கள்.

இரண்டு புத்தகங்களை 20 சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். மேலே ஒரு வெள்ளைத் தாளைப் பாலம்போல் வையுங்கள். தாள் தன் எடையையே தாங்காமல் தொங்கும். இப்போது அதே தாளை நீளவாக்கில், மடிப்பின் உயரம் 1 சென்டிமீட்டர் இருக்குமாறு விசிறிபோல் மடித்து வையுங்கள். அதன்மேல் ஒரு பேனாவை வையுங்கள். பிறகு ஒரு சிறு டம்ளரை வையுங்கள். தாங்கும்! தாளின் எடை கூடவில்லை, பொருள் மாறவில்லை. வடிவம் மட்டும் மாறியது.

காரணம் என்ன? மர ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 30 மில்லிமீட்டர், கனம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தட்டையாகப் பிடித்தால் எளிதில் வளைகிறது. விளிம்பு மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்தால் வளைக்கவே முடிவதில்லை. ஒரு தகட்டின் விறைப்பு அதன் அகலத்தைப் பொறுத்து நேர்விகிதத்திலும், ஆழத்தைப் பொறுத்து மும்மடியிலும் கூடுகிறது. கணக்கிட்டால், நிமிர்த்திய ஸ்கேலின் விறைப்பு தட்டையான ஸ்கேலைப் போல 100 மடங்கு என்று வரும். நீங்களே போட்டுப் பாருங்கள்.

தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். மடித்ததும் அதன் ஆழம் 1 சென்டிமீட்டர், அதாவது 100 மடங்கு ஆகிவிட்டது. விறைப்பு ஏறத்தாழ 10,000 மடங்கு கூடுகிறது. மடிப்புகள் பக்கவாட்டில் விரியாமல் இருக்க இரு முனைகளிலும் ஒரு பட்டைத் தாளை ஒட்டிவிட்டால் போதும்.

திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. பனியன் ஏற்றுமதியாகும் அட்டைப்பெட்டியின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே ஒரு தாள் அலையலையாக ஓடுகிறது. மூன்று பிளை, ஐந்து பிளை என்று சொல்வது இந்த அடுக்குகளைத்தான். பெட்டிமேல் பெட்டி அடுக்கியும் அடிப்பெட்டி நசுங்காமல் இருப்பதற்கு நடுவில் உள்ள அந்த அலைதான் காரணம்.

தோஷியும் மகேந்திர ராஜும் செய்தது இதையேதான், பெரிய அளவில். நாடக அரங்கத்தின் நடுவே தூண் நிற்கக் கூடாது. நின்றால் அதன் பின்னால் அமர்ந்தவருக்கு மேடை தெரியாது. ஆகவே 30 மீட்டருக்கும் அதிகமான அகலத்தைத் தூணின்றித் தாண்ட வேண்டும். தட்டையான கான்கிரீட் தளத்தால் அதைச் செய்வதென்றால் தளம் மிகவும் தடிமனாக வேண்டும். தடிமன் கூடினால் எடை கூடும். எடை கூடினால் அதைத் தாங்க இன்னும் தடிமன் வேண்டும். மடித்துவிட்டால் மெல்லிய தகடே போதும்.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. மடித்த தாளைத் தலைகீழான 'ப' எழுத்தைப் போல வளைத்துத் தரையில் நிறுத்தினார்கள். கூரையும் சுவரும் ஒரே மடிப்பின் தொடர்ச்சி. இந்தக் கூட்டுக்குள், பார்வையாளர் அமரும் சாய்தளம் ஒரு கிண்ணம்போலத் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. கூடு மழையையும் வெயிலையும் பார்த்துக்கொள்கிறது. கிண்ணம் மனிதர்களைத் தாங்குகிறது. எது எதைச் சுமக்கிறது என்பதை வெளியில் நின்றே படித்துவிடலாம்.

இரண்டாம் படி: சாக்பீஸும் கம்பியும்

ஒரு சாக்பீஸை நிறுத்தி வைத்து மேலிருந்து அழுத்துங்கள். எளிதில் நொறுங்காது. அதையே இரு முனையிலும் பிடித்து வளையுங்கள்; உடனே முறியும். வளைக்கும்போது ஒரு பக்கம் அமுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. சாக்பீஸ் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. கான்கிரீட்டும் அப்படித்தான். இழுவிசையைத் தாங்கும் அதன் திறன், அமுக்கத்தைத் தாங்கும் திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான்.

ஆகவே இழுபடும் பக்கம் எதுவோ அங்கே எஃகுக் கம்பி வைக்கப்படுகிறது. கூரையின் நடுவில் கம்பி அடிப்பக்கத்தில் இருக்கும். 'ப' எழுத்தின் மூலையிலோ வெளிப்பக்கம்தான் இழுபடும். கம்பி அங்கே வெளிப்பக்கம் போய்விடும். கம்பி கட்டுபவர் விசை ஓடும் பாதையைக் கையால் வரைகிறார் என்றே சொல்லலாம்.

இந்த இரண்டு பொருள்களும் சேர்ந்து வாழ்வதற்கு இயற்கையும் ஓர் உதவி செய்திருக்கிறது. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் எஃகு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு விரிகிறது. கான்கிரீட் சுமார் 10 பங்கு. ஏறத்தாழ ஒரே அளவு! வெயிலில் 20 டிகிரி சூடேறினால் 30 மீட்டர் நீளக் கம்பி 7 மில்லிமீட்டர் நீளும். கான்கிரீட்டும் கூடவே நீளுவதால் இரண்டும் பிரிவதில்லை. இந்த ஒற்றுமை இல்லாவிட்டால் நம் வீட்டு மொட்டை மாடிகள் ஒரு கோடைகூடத் தாங்கா.

மூன்றாம் படி: ஒலி

இனி நம் நாடகத்துக்கு வருவோம்.

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரைக் கூடம் பயனற்றதாகிக் கிடந்தது. ஆசிரியர் ஒரு சொல் சொன்னால் அது ஐந்தரை நொடிகள் கூடத்தில் முழங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அவர் பேசிய அடுத்த பல சொற்களும் அதன்மேல் வந்து குவிந்துவிடும். இதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் கிளமென்ட் சபைன் என்னும் 27 வயதுப் பௌதிக ஆசிரியரிடம் வந்தது. (மைக்குப் பொறுப்பு பௌதிக ஆசிரியருக்கு என்பது பழைய வழக்கம்தான் போலும்!)

அவரிடம் இருந்த கருவிகள் ஓர் ஆர்கன் குழல், ஒரு நிறுத்துக் கடிகாரம், இரண்டு காதுகள். அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து கூடத்தில் பரப்புவார். குழலை ஊதி நிறுத்தி, ஒலி மறையும் நேரத்தை அளப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவார். மெத்தைகள் கூடக்கூட முழக்கம் குறைந்தது. பல இரவுகள் இப்படி உழைத்து அவர் கண்ட விதி எளிமையானது:

எதிர்முழக்க நேரம் = 0.16 × கன அளவு ÷ மொத்த உட்கவர் திறன்

ஒலியின் செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரமே எதிர்முழக்க நேரம். ஒரு பரப்பின் மேல் விழும் ஒலியில் எத்தனை பங்கை அது விழுங்கிக்கொள்கிறது என்பதே உட்கவர் எண். வழவழப்பான கான்கிரீட்டுக்கு அது சுமார் 0.02 மட்டுமே. நூறில் 98 பங்கை அது திருப்பி அனுப்பிவிடுகிறது. மடிப்பாகத் தொங்கும் கனத்த துணிக்குச் சுமார் 0.5. இருக்கையில் அமர்ந்த ஒரு மனிதர் ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம்.

20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் உள்ள ஒரு வெறும் கான்கிரீட் மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். கன அளவு 1,440 கன மீட்டர். மொத்த உட்பரப்பு 864 சதுர மீட்டர். அதை 0.02 ஆல் பெருக்கினால் உட்கவர் திறன் சுமார் 17. விதிப்படி எதிர்முழக்க நேரம் 13 நொடிகளுக்கு மேல்! நாம் பேசும்போது நொடிக்கு நான்கைந்து அசைகளை உச்சரிக்கிறோம். முந்தைய அசைகளெல்லாம் ஓயாமல் மிதந்துகொண்டிருக்கும்போது புதிய அசை எப்படிக் காதில் ஏறும்? ஒலியைக் கூட்டினால் மிதப்பவையும் சேர்ந்து கூடும். அன்று நான் செய்த தவறு அதுதான்.

இப்போது 200 பேர் வந்து அமர்கிறார்கள். உட்கவர் திறனில் 100 கூடுகிறது. நேரம் ஏறத்தாழ 2 நொடியாக இறங்குகிறது. சுவர்களில் 130 சதுர மீட்டர் துணியைத் தொங்கவிட்டால் 1.3 நொடிக்கு வந்துவிடும். பேச்சுக்கு 1 நொடியை ஒட்டி இருப்பது நல்லது. இசைக்குச் சற்று அதிகம் இருந்தால்தான் இனிமை. சபைன் தன் விதியைப் பயன்படுத்தி ஒலியமைப்பைத் திட்டமிட்ட பாஸ்டன் இசையரங்கம் 1900-இல் திறக்கப்பட்டது. இன்றும் உலகின் மிகச் சிறந்த இசையரங்குகளில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

துணி எப்படி ஒலியை விழுங்குகிறது? ஒலி என்பது காற்றின் முன்னும் பின்னுமான அசைவு. பனியன் துணியின் கண்ணிகளுக்குள் அந்தக் காற்று நுழைந்து நூலோடு உராய்கிறது. ஒலிச் சக்தி மிகச் சிறு அளவு வெப்பமாக மாறிவிடுகிறது. சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைய முடியாது. சற்றுத் தள்ளிதான் அசைவு அதிகம். துணியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கட்டியதன் இரகசியம் இதுவே.

சுவரின் வடிவமும் முக்கியம். எதிரெதிரே இருக்கும் இரண்டு தட்டைச் சுவர்கள் ஒலியைப் பந்துபோல் மாறி மாறி அடித்துக்கொள்ளும். மடிப்புள்ள சுவரோ அதைப் பல திசைகளிலும் சிதறடிக்கும். மடிப்பு ஒலியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் இருக்க வேண்டும். நொடிக்கு 340 அதிர்வுகள் உள்ள ஒலிக்கு அலைநீளம் சுமார் 1 மீட்டர்.

எனவே அந்த மாணவனுக்கு என் பதில் இதுதான்: கான்கிரீட்டில் நாடக அரங்கம் கட்டலாம். தூணின்றி நிற்பதற்கு அதைவிட ஏற்ற பொருளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் விசைக்கு ஏற்ற பொருள் ஒலிக்கும் ஏற்றது என்று எண்ணிவிடக் கூடாது. நிற்பதற்குக் கான்கிரீட், கேட்பதற்குத் துணியும் மரமும் மெத்தையும் மனிதர்களும். எதற்கு எது என்று அறிவதே விஞ்ஞானம்.

அழகா, அவலட்சணமா?

டெல்லியில் மண்டி ஹவுஸ் அருகே ஸ்ரீராம் கலை மையம் என்னும் நாடக அரங்கம் இருக்கிறது. சிவநாத் பிரசாத் வடிவமைத்தது. உருளை ஒன்றும் பெட்டி ஒன்றும் சேர்ந்து நிற்பதைப் போன்ற பூசாத கான்கிரீட் கட்டடம். டெல்லித் துணி ஆலையை வளர்த்த தொழிலதிபர் ஸ்ரீராமின் பெயர் தாங்கியது. துணியால் வளர்ந்தவர்கள் கலைக்குக் கூரை கொடுத்தார்கள் என்பதைத் திருப்பூர்க்காரர்களாகிய நாம் நினைவில் வைக்கலாம்.

இலண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள தேசிய நாடக அரங்கமும் இதே பாணிதான். 1976-இல் திறக்கப்பட்டது. அன்றைய இளவரசர் சார்லஸ் 1988-இல் அதை அணுமின் நிலையத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார். ஆறே ஆண்டுகளில், 1994-இல், அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தது. கட்டடம் மாறவில்லை; பார்க்கும் கண்தான் மாறியது.

எல்லாக் கட்டடத்துக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. டெல்லி பிரகதி மைதானத்தில் 1972-இல் ராஜ் ரேவால் வடிவமைத்து, அதே மகேந்திர ராஜ் கணக்குப் போட்ட 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' என்ற காட்சிக்கூடம் இருந்தது. எஃகு அரிதாக இருந்த காலத்தில், எஃகில் செய்யும் முப்பரிமாணச் சட்டக அமைப்பைக் கான்கிரீட்டிலேயே செய்துகாட்டிய சாதனை அது. கட்டடக் கலைஞர்கள் பலர் வேண்டிக் கேட்டும் 2017 ஏப்ரலில் அது இடிக்கப்பட்டது. பாரம்பரியச் சின்னம் என்று சொல்ல வயது போதவில்லை என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அப்போது அதற்கு வயது 45. ஏறத்தாழ என் வயதுதான்!

பூசாத கட்டடத்தில் குறைகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. மழைநீர் வழிந்து கறுப்புக் கறை பிடிக்கும். நம் வெயிலில் கான்கிரீட் பகலெல்லாம் சூட்டை வாங்கி இரவில் வெளியிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பி துருப்பிடிக்கும் ஆபத்து உண்டு. புதிய கான்கிரீட் காரத்தன்மை மிக்கது. அந்தக் காரம் கம்பியைக் காக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே நுழைந்து காரத்தைக் குறைக்கிறது. பிறகு ஈரம் பட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் மேலிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இது பூசிய கட்டடத்திலும் நடக்கும். பூசாத கட்டடத்திலோ முதல் விரிசலே கண்ணில் படும். நோயை மறைக்காத நோயாளியைப் போல அது. மருத்துவர் நேரத்தில் வந்தால் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். உலகில் மனிதர் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நூறில் ஏழெட்டுப் பங்கு சிமெண்ட் உற்பத்தியால் வருகிறது. நன்றாக நிற்கும் ஒன்றை இடித்துப் புதிதாகக் கட்டினால், முன்பு வெளியிட்ட புகை வீண். புதிய புகை கூடுதல். கோயில் மண்டபத்தின் கருங்கல் தூணைப் பூச்சில்லை என்பதற்காக யாரும் அவலட்சணம் என்பதில்லை. அதைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். கான்கிரீட்டைப் படிக்க நமக்கு இன்னும் பழக்கம் போதவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

அடுத்த முறை ஏதேனும் ஒரு மண்டபத்துக்குப் போனால் நடுவில் நின்று ஒரே ஒரு முறை கை தட்டுங்கள். கைப்பேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரத்தால் ஒலி ஓயும் நேரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் நிறைந்த பின் மீண்டும் தட்டிப் பாருங்கள். (மணமக்களுக்குத் தாலி கட்டும் நேரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!) நீள, அகல, உயரங்களைக் காலடியால் அளந்து சபைனின் விதியில் போட்டுப் பாருங்கள். பிறகு வெளியே வந்து, கூரை எதன்மேல் நிற்கிறது, பாரம் எந்த வழியாகத் தரைக்கு வருகிறது என்று விரலால் காற்றில் வரைந்து பாருங்கள். பூச்சுக்குப் பின்னால் அது தெரியாமல் போனால், பூசாத ஒரு கட்டடத்தைத் தேடிப் பாருங்கள். அங்கே தெரியும்.

உங்களில் யாரோ ஒருவர் நாளை நம் ஊருக்கு ஓர் அரங்கம் கட்டக்கூடும். அப்போது வரைபடத்தில் தூணையும் கூரையையும் வரைவதற்கு முன், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஒரு பெண் இரண்டு பக்க வசனத்தை மூன்று வாரம் மனப்பாடம் செய்து பேசிக்கொண்டிருப்பாள். அந்தப் பாட்டிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும்.

துணிக்குக் கவலை இல்லை. காதர்பேட்டை இருக்கிறது.